ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, அப்புறம் பேக்கப் எதற்கு? மூன்று வழிகள், ஒரு கணக்கு

உங்கள் சர்வர் அறையில் 40 டெராபைட் கொள்ளும் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 டெராபைட் ஃபைல் ஷேர், 2 டெராபைட் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ், மிச்சத்தில் ஐம்பது அறுபது விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே சர்வருக்குள் ஓடும் மென்பொருள் கணினிகள்). தரவு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருந்த நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி பெட்டியோடு வந்தது. நிறுவ வந்த பொறியாளர் ஆன் செய்துவிட்டுப் போனார், அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இப்போது ஆடிட்டர் "பேக்கப் எங்கே?" என்று கேட்டுவிட்டார். உடனே இரண்டு கொட்டேஷன்கள் வந்துவிட்டன. ஒருவர் இதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கி ரெப்ளிகேஷன், அதாவது தரவைத் தானாக அதற்கு நகலெடுக்கும் ஏற்பாடு, போடச் சொல்கிறார். இன்னொருவர் பேக்கப் மென்பொருளும் டிஸ்க் நிறைந்த ஒரு லினக்ஸ் சர்வரும் போதும் என்கிறார். மேலாளரோ, "மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறதே, அதைவிட என்ன வேண்டும்?" என்கிறார்.

இந்த மூன்றையும் விலையை வைத்தோ, வசதிப் பட்டியலை வைத்தோ ஒப்பிட்டால் முடிவுக்கு வர முடியாது. என்ன விபத்து நடந்தால் எது காப்பாற்றும், காப்பாற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்த்தால் சீக்கிரமே தெளிந்துவிடும். அப்படித்தான் கீழே பார்க்கப்போகிறேன்.

ஸ்னாப்ஷாட் உண்மையில் எதை வைத்திருக்கிறது

ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது தரவு எதுவும் நகலாவதில்லை. அந்த நொடியில் எந்தெந்த பிளாக்குகள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) சேர்ந்து இந்த வால்யூம் (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி) ஆகிறது என்ற வரைபடம் மட்டும் உறைந்து நிற்கிறது. அதனால்தான் 10 டெராபைட்டுக்கும் சில நொடிகளில் ஸ்னாப்ஷாட் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு எழுதப்படுவதை எங்கே வைப்பது என்பதில் இரண்டு முறைகள் உண்டு.

பழைய முறை காப்பி-ஆன்-ரைட். ஒரு பிளாக்கின் மேல் முதன்முறை எழுத வரும்போது, பழையதைப் படித்து, ஒதுக்கி வைத்த இடத்தில் எழுதி, அப்புறம் புதியதை அதன் இடத்தில் எழுத வேண்டும். ஒருமுறை எழுத மூன்று வேலை. டிஸ்க் இடத்தைப் பிரித்து ஆளும் லினக்ஸின் எல்விஎம் வசதியில் வழக்கமான ஸ்னாப்ஷாட் இந்த வகை. இன்னொரு முறை ரீடைரக்ட்-ஆன்-ரைட். புதியதை எப்போதும் காலி இடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவிடுவது. 1992-இல் தொடங்கிய நெட்ஆப் நிறுவனத்தின் வாஃபிள் ஃபைல் சிஸ்டம் இப்படித்தான் வேலை செய்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்து 2005-இல் ஓப்பன் சோலாரிஸுடன் வெளிவந்த இசட்எஃப்எஸ்ஸும் இப்படித்தான். இவற்றில் நூறு ஸ்னாப்ஷாட் இருந்தாலும் எழுதும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இந்த வித்தியாசம் எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. ஒரு லினக்ஸ் சர்வரில் அப்கிரேடுக்கு முன்னால் 20 ஜிபி ஒதுக்கி எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்தேன். ராத்திரி ஒரு இண்டெக்ஸ் வேலை ஓடி மொத்த டிஸ்க்கையும் புரட்டிப்போட்டது. காலையில் பார்த்தால் அந்த 20 ஜிபி நிறைந்து ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிட்டிருந்தது. அசல் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்வாங்கும் வழி மூடிவிட்டது. எல்விஎம்மின் இயல்பே அதுதான், நான்தான் படிக்காமல் விட்டேன்.

எந்த முறையாக இருந்தாலும் ஒரு விஷயம் பொது. மாறாத பிளாக்குகள் ஸ்னாப்ஷாட்டுக்கும் அசலுக்கும் ஒன்றேதான். பெட்டி போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

முதல் வழி: பெட்டிக்குள்ளேயே

மேலாளர் சொல்வது இதுதான். இதை இளக்காரமாகப் பேசும் வழக்கம் நம் துறையில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு அலுவலகத்தில் வரும் ரெஸ்டோர் கோரிக்கைகளில் பெரும்பாலானவை "ஃபைல் மேல ஃபைல் சேவ் பண்ணிட்டேன்" ரகம்தான். அதற்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கணக்குப் பிரிவில் ஒருவர் எக்செல் கோப்பை அழித்துவிட்டால், ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து "ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்" திறந்து பதினோரு மணிக் கோப்பை அவரே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு டிக்கெட்டே வராது.

ஆனால் இது பெட்டியோடு வந்த அட்டவணையில் நடக்காது. நெட்ஆப் பெட்டிகளின் இயக்க மென்பொருளான ஓன்டாப்பின் இயல்புக் கொள்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கொன்று வீதம் 6, தினம் ஒன்று வீதம் 2, வாரம் ஒன்று வீதம் 2 என்று மொத்தம் பத்து ஸ்னாப்ஷாட் வைத்திருக்கும். தினசரி ஸ்னாப்ஷாட் நள்ளிரவு தாண்டி 10 நிமிடத்தில், வாராந்தரம் ஞாயிறு அதிகாலை 12.15-க்கு. திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒருவர் திருத்திய கோப்பு செவ்வாய் காலையில் அழிகிறது, வெள்ளிக்கிழமைதான் கவனிக்கிறார் என்று வையுங்கள். கையில் இருப்பது வியாழன், வெள்ளி நள்ளிரவுப் படங்கள். இரண்டிலும் கோப்பு இல்லை. அதற்கு முந்தையது ஞாயிறு. கோப்பு கிடைக்கும், திங்கட்கிழமை உழைப்பு கிடைக்காது. "ஸ்னாப்ஷாட் ஓடுகிறது" என்று நம்பியிருந்தவருக்கு இதை விளக்குவது கஷ்டம்.

ஓன்டாப் 9.4-இலிருந்து ஒரு வால்யூமுக்கு 1,023 ஸ்னாப்ஷாட் வரை வைக்கலாம், அதற்கு முன் 255. ஆகவே எண்ணிக்கையில் கஞ்சத்தனம் தேவையில்லை. ஃபைல் ஷேருக்கு நான் வைப்பது மணிக்கொன்று 24, தினம் ஒன்று 14, வாரம் ஒன்று 4. மொத்தம் 42.

எண்ணிக்கை கிடக்கட்டும், கையைக் கடிப்பது இடம்தான். 10 டெராபைட் வால்யூமில் ஒரு நாளைக்கு 3 சதவீதம் மாறுகிறது என்றால் 300 ஜிபி. பதினான்கு நாளுக்கு அதிகபட்சம் 4.2 டெராபைட். ஒரே பிளாக் திரும்பத் திரும்ப மாறினால் இதைவிடக் குறையும். ஓன்டாப் இயல்பாக ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்குவது 5 சதவீதம், அதாவது 500 ஜிபி. இரண்டு நாளுக்கே போதாது. நிறைந்தால் ஸ்னாப்ஷாட் நிற்காது, பயனர்களின் இடத்துக்குள் கால் நீட்டும். அப்புறம் "டிஸ்க் ஃபுல்" என்று ஓலை வரும், பழைய கோப்புகளை அழிக்கச் சொல்வீர்கள், அவர்கள் 200 ஜிபி அழிப்பார்கள், ஒரு ஜிபி கூடத் திரும்பாது. அழித்ததை எல்லாம் ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும். ஆகவே உங்கள் பெட்டியில் இரண்டு வாரம் மாற்றத்தை அளந்து பார்த்துவிட்டு ஒதுக்கீட்டை வையுங்கள். இசட்எஃப்எஸ்ஸில் பயனர் இடத்துக்கு வரம்பு போட ரெஃப்கோட்டா என்று ஒன்று உண்டு. அது ஸ்னாப்ஷாட் தின்னும் இடத்தைக் கணக்கில் சேர்க்காது. வெறும் கோட்டா சேர்க்கும். இரண்டும் குழம்பினால் பாவம் பயனர்தான் திட்டு வாங்குவார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடம் நிறைந்தால் பழைய ஸ்னாப்ஷாட்டைத் தானே அழிக்கும் ஆட்டோ-டிலீட் வசதி. கேட்க நன்றாக இருக்கும். ரான்சம்வேர், அதாவது தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், நுழைந்து ஃபைல் ஷேர் முழுவதையும் என்க்ரிப்ட் செய்கிறது என்று வையுங்கள். அன்று 3 சதவீதம் இல்லை, 100 சதவீதம் மாற்றம். என்க்ரிப்ட் ஆன தரவு கம்ப்ரஸும் ஆகாது, டீடூப்பும் (ஒரே பிளாக் பலமுறை வந்தால் ஒருமுறை மட்டும் வைப்பது) ஆகாது. வால்யூம் சில மணி நேரத்தில் முட்டும். ஆட்டோ-டிலீட் விழித்துக்கொண்டு பழையதிலிருந்து அழிக்கத் தொடங்கும். பழையவைதான் நல்லவை. வைரஸ் பாதியில் விட்ட வேலையை நம் அமைப்பே முடித்துக் கொடுக்கும். அதனால் முக்கியமான வால்யூம்களில் நான் அதை ஆன் செய்வதில்லை. வால்யூம் தானாக வளரும்படி வைத்து, 80 சதவீதத்தில் ஒரு எச்சரிக்கை, ஒரே நாளில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு வளர்ந்தால் இன்னொரு எச்சரிக்கை. இரண்டாவது எச்சரிக்கைதான் நடுராத்திரியில் எழுப்ப வேண்டியது.

மீட்கும்போது ஒரு கவனம். மொத்த வால்யூமையும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்புவது சில நிமிட வேலை, எத்தனை டெராபைட்டாக இருந்தாலும். பார்க்க மாயம் போலிருக்கும். ஆனால் அதற்குப் பின் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாம் போய்விடும். இசட்எஃப்எஸ்ஸில் ரோல்பேக் கட்டளை சமீபத்திய ஸ்னாப்ஷாட்டைத் தாண்டிப் பின்னால் போக மறுக்கும். நாம் வற்புறுத்தினால் இடையில் உள்ளதை அழித்துவிட்டுப் போகும். தவறான நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. முதலில் அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு குளோன் (எழுதக்கூடிய நகல்) எடுத்து, தனி நெட்வொர்க்கில் மவுண்ட் செய்து, சரியான நேரம்தானா என்று பார்த்துவிட்டு அப்புறம் திருப்புங்கள். குளோனுக்கும் இடம் பெரிதாகப் பிடிக்காது. பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளில் ஒரு மெஷினுக்கு எடுக்கும் ஸ்னாப்ஷாட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது டெல்டா டிஸ்க்குகளின் (மாற்றங்களை மட்டும் சேர்க்கும் கோப்புகளின்) சங்கிலி. ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று விஎம்வேரே சொல்கிறது. பேட்ச் போடுவதற்கு முன் எடுங்கள், மறுநாள் அழித்துவிடுங்கள். ஆறு மாதப் பழைய டெல்டாவை ஒன்றிணைக்கப் போய் மெஷின் உறைந்து நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் இதில் வாதம் செய்யமாட்டார்கள்.

இரண்டாவது வழி: பக்கத்துப் பெட்டிக்கு

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று எரிந்தது. பேக்கப்பும் அதே கட்டிடத்தில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜானில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் போய்விட்டது. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியே பேக்கப் வைக்கவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். "இவ்வளவு பெரியதை எங்கே கொண்டுபோய் வைப்பது?" என்ற அதே கேள்வியை நம்மூர்க் கூட்டங்களிலும் நான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது பெட்டியும் ரெப்ளிகேஷனும் இதற்கு நேரடியான பதில். ஒரு பெட்டி போனால் மற்றொன்றிலிருந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கலாம். மூன்று வழிகளிலும் முழுப் பேரழிவிலிருந்து சீக்கிரம் எழுந்து நிற்க வைப்பது இதுதான், செலவில் உயர்ந்ததும் இதுதான். பெரும்பாலும் அதே நிறுவனத்தின் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும், லைசென்ஸ், வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) எல்லாம் இரட்டிப்பு.

விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்லாத ஒரு வேறுபாடு இதில் இருக்கிறது. மிரர் வேறு, வால்ட் வேறு. மிரர் என்பது கண்ணாடி. அசலில் ஸ்னாப்ஷாட்டை அழித்தால் அடுத்த சுற்றில் நகலிலும் அழியும். என்க்ரிப்ட் ஆனால் என்க்ரிப்ட் ஆனதையே கொண்டுபோகும். வால்ட்டுக்குத் தனிக் கணக்கு. அசலில் 14 நாள் வைத்திருந்தாலும் அங்கே 52 வாரம் வைக்கலாம். ஓன்டாப்பில் இயல்பான வால்ட் கொள்கையே தினசரி 7, வாராந்தரம் 52 என்றுதான் இருக்கும். கொட்டேஷனில் "ரெப்ளிகேஷன்" என்று ஒற்றைச் சொல் இருந்தால் எது என்று கேளுங்கள். மிரர் மட்டும்தான் என்றால் தீவிபத்துக்கு உதவும், ரான்சம்வேருக்கு உதவாது. பெட்டி வாங்குவதாக இருந்தால் இரண்டும் சேர்ந்த கொள்கையைப் போடுங்கள்.

வால்ட் அமைப்பதில் நான் அதிகம் பார்த்த தவறு லேபிள். எந்த ஸ்னாப்ஷாட் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும் என்பதை ஓன்டாப் நேரத்தை வைத்து முடிவு செய்வதில்லை, ஸ்னாப்ஷாட் மேல் ஒட்டிய ஸ்னாப்மிரர் (ஓன்டாப்பின் ரெப்ளிகேஷன் வசதி) லேபிளை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அசலில் புதிதாக ஓர் அட்டவணை எழுதி, அதில் லேபிள் போட மறந்துவிட்டால், ரெப்ளிகேஷன் சிவப்புக் காட்டாது. பெட்டிகளுக்கிடையிலான உறவு ஆரோக்கியமாக இருக்கிறது என்றே திரை சொல்லும். பெட்டிக்குள் தேதி தேதியாகப் பார்த்தால்தான் புது ஸ்னாப்ஷாட்டுகள் வந்து சேரவில்லை என்று தெரியும். அமைத்த மறுவாரம் எதிர்ப் பெட்டியில் போய்ப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள்.

லைனையும் கணக்குப் பாருங்கள். 300 ஜிபி தினசரி மாற்றம், 100 மெகாபிட் லைன். லைன் முழுவதும் கிடைத்தாலே 6 மணி 40 நிமிடம். ராத்திரிக்குள் முடியும். ஆனால் முதல் நகல் 10 டெராபைட்டுக்கு 9 நாள் தாண்டும். அதனால் இரண்டு பெட்டிகளையும் ஒரே அறையில் வைத்து முதல் நகலை முடித்துவிட்டு, அப்புறம் லாரியில் ஏற்றுங்கள்.

மூன்றாவது வழி: வேறு கையில்

இதில் ஸ்னாப்ஷாட் வழிதானே தவிர, போய்ச் சேரும் இடமில்லை. பேக்கப் மென்பொருள் பெட்டியிடம் ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லி, அசையாமல் நிற்கும் அந்தப் படத்திலிருந்து தரவை நிதானமாக வாசித்து, வேறு வகை வன்பொருளில், வேறு ஃபைல் சிஸ்டத்தில், வேறு கடவுச்சொல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறது. வாசித்து முடிந்ததும் அந்த ஸ்னாப்ஷாட் அழிகிறது. ஸ்டோரேஜ் ஃபர்ம்வேரில் பிழை வந்தாலும், ஸ்டோரேஜ் அட்மினின் கடவுச்சொல் திருடுபோனாலும் இந்த நகல் தப்பும். இரண்டாவது வழியில் ஒரே அட்மின் கணக்கு இரண்டு பெட்டிகளையும் திறக்கும் என்றால், தாக்க வருபவருக்கு அது ஒரு பெட்டிதான்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்தது நினைவிருக்கும். ஐந்து சர்வர்களில் ஏறக்குறைய 1.3 டெராபைட் என்க்ரிப்ட் ஆனதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. மருத்துவமனை வேலைகள் ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்தில் நடந்தன. இ-ஹாஸ்பிட்டல் தரவு திரும்பக் கிடைத்ததற்குக் காரணம், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததுதான்.

இந்த வழியின் பலவீனம் வேகம். 10 டெராபைட்டைத் திருப்பிக் கொண்டுவர 1 கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்கு 110 எம்பி என்று போட்டால் 25 மணி நேரம். 10 கிகாபிட் இருந்தாலும் பெரிய சாட்டா டிஸ்க்குகள் விநாடிக்கு 450 எம்பி கொடுத்தால் 6 மணி நேரத்துக்கு மேல். இடைக்கால உதவியாக, விர்ச்சுவல் மெஷினை பேக்கப் கோப்பிலிருந்தே நேராக ஓட்டும் வசதி இப்போது எல்லா முக்கிய மென்பொருளிலும் இருக்கிறது. மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். ஐம்பது மெஷினையும் ஒரே நேரத்தில் அப்படி ஓட்டலாம் என்று மட்டும் கனவு காணாதீர்கள். முதல் ஐந்து எவை என்று இப்போதே எழுதி வையுங்கள்.

வேகத்தைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் நான் சொல்லும் கதை, மென்பொருள் எழுதுவோர் தங்கள் கோடை வைத்துப் பகிரும் தளமான கிட்லேப்பினுடையது. 2017 ஜனவரி 31 அன்று, அங்கே ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க நினைத்ததை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தினார். 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி எடுக்க வேண்டிய டேட்டாபேஸ் பேக்கப் சில காலமாகவே தோற்றுக்கொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸுக்கு 9.2 கருவி ஓடியதுதான் காரணம். அதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் டிமார்க் என்ற மின்னஞ்சல் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் வந்து சேரவில்லை. கிளவுடின் டிஸ்க் ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வர்களுக்கு ஆன் செய்யப்படவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் கையால் எடுத்த ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட். நான் மேலே குறைசொன்ன அதே எல்விஎம். அதையும் ஸ்டேஜிங் (சோதனை) சர்வரின் மெதுவான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. வெறும் 300 ஜிபிக்கு.

சரி, பேக்கப் சர்வரையே தாக்கினால்? அதற்குத்தான் பூட்டிய நகல். பேக்கப் மென்பொருள் தயாரிக்கும் வீம் நிறுவனம் 2021-இல் பதினொன்றாம் பதிப்பில் கொண்டுவந்த ஹார்டன்ட் ரெபாசிட்டரி (இறுக்கிப் பூட்டிய பேக்கப் கிடங்கு) ஒரு லினக்ஸ் சர்வர்தான். குறித்த நாள் வரை பேக்கப் கோப்பை பேக்கப் அட்மினாலும் அழிக்க முடியாது. கிளவுடில் அமேசானின் எஸ்3 ஸ்டோரேஜில் உள்ள ஆப்ஜெக்ட் லாக் அதே வேலையைச் செய்யும். அதில் கவர்னன்ஸ் முறையை அதிகாரம் உள்ளவர் திறக்கலாம், கம்ப்ளையன்ஸ் முறையை யாராலும் திறக்க முடியாது. பெட்டிகளிலும் இப்போது இது வந்துவிட்டது. ஓன்டாப் 9.12.1-இலிருந்து ஸ்னாப்ஷாட்டையே பூட்டலாம், பியூர் ஸ்டோரேஜில் சேஃப்மோட், ஐபிஎம்மில் சேஃப்கார்டட் காப்பி. இசட்எஃப்எஸ்ஸின் ஹோல்டை மட்டும் இந்த வரிசையில் வைக்காதீர்கள். அது கைதவறி அழிப்பதைத் தடுக்கும். ரூட் (முழு அதிகாரக் கணக்கு) கிடைத்தவர் ஹோல்டை விடுவித்துவிட்டு அழிப்பார்.

பூட்டுவதற்கு முன் எத்தனை நாள் என்பதை இரண்டுமுறை பாருங்கள். 14 நாள் என்று நினைத்து 14 மாதம் போட்டுவிட்டால், டிஸ்க் நிறைந்து நிற்கும்போது நிறுவனத்தின் சப்போர்ட்டும் கைவிரிக்கும். அப்புறம், பேக்கப் சர்வரை, அலுவலகக் கணக்குகளை ஒரே இடத்தில் ஆளும் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேர்க்காதீர்கள். டொமைன் அட்மின் கணக்கு பறிபோகும் அன்று உங்களுக்குத் தேவைப்படும் ஒரே சர்வர் அதுதான். ரெபாசிட்டரி சர்வரின் ரிமோட் மேனேஜ்மென்ட் போர்ட்டையும் பொது நெட்வொர்க்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கோப்பை அழிக்க முடியாதவர் அந்த வழியாக டிஸ்க்கையே ஃபார்மேட் செய்துவிட்டுப் போவார்.

டேட்டாபேஸ் தனிக் கதை

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்தால் கிடைப்பது, திடீரென்று கரண்ட் போன நொடியின் டிஸ்க். நல்ல டேட்டாபேஸ்கள் அதிலிருந்தும் எழுந்துவிடும், எழுந்திருக்கத்தானே ஒவ்வொரு மாற்றத்தையும் லாக்கில் எழுதுகின்றன. ஆனால் டேட்டா ஒரு வால்யூமிலும் லாக் இன்னொரு வால்யூமிலும் இருந்து, இரண்டையும் மூன்று விநாடி இடைவெளியில் எடுத்தால் அந்த நம்பிக்கை செல்லாது. இரண்டையும் ஒரே கன்சிஸ்டன்சி குரூப்பில் போட்டு ஒரே நொடியில் எடுக்க வேண்டும்.

விண்டோஸில் ஸ்னாப்ஷாட்டை ஒருங்கிணைக்கும் வீஎஸ்எஸ் சேவை வழியாகப் போனால் எஸ்க்யூஎல் சர்வர் எழுதுவதைச் சற்று நிறுத்தி ஒத்துழைக்கும். டிஸ்க்கில் எழுதுவதைப் பிடித்து வைக்கக் கிடைப்பது 10 விநாடிதான், அதற்குள் பெட்டி ஸ்னாப்ஷாட்டை முடிக்க வேண்டும். சுமை அதிகமான நேரத்தில் அது தோற்பதுண்டு. அதனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வேளையில் வைக்காதீர்கள். ஸ்னாப்ஷாட் தினம் ஒன்று, இடையில் 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் என்பது நான் பரிந்துரைக்கும் அமைப்பு. ஒரு சண்டையை மட்டும் முன்கூட்டியே தீர்த்து வையுங்கள். லாக் பேக்கப்பை டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ) வைத்த ஜாபும் எடுத்து, பேக்கப் மென்பொருளும் எடுத்தால், சங்கிலி இரண்டு இடத்தில் பாதி பாதியாகக் கிடக்கும். யாராவது ஒருவர்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது

மேலே சொன்ன 40 டெராபைட் அலுவலகத்துக்கு என் விடை: முதல் வழியை இன்றைக்கே சரிசெய்யுங்கள், அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. 24, 14, 4 என்று அட்டவணை மாற்றி, ஒதுக்கீட்டைக் கூட்டி, ஆட்டோ-டிலீட் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கையில் இருக்கும் பணத்தை மூன்றாவது வழியில் போடுங்கள்: பேக்கப் மென்பொருள், பூட்டிய லினக்ஸ் ரெபாசிட்டரி, அதை வைக்க வேறு கட்டிடம். 30 நாள் பூட்டு போதும். மாதத்துக்கொரு நகல் ஆப்ஜெக்ட் லாக் போட்ட கிளவுடுக்கோ டேப்புக்கோ போகட்டும். டேப்பைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் சில ஜிமெயில் கணக்குகள் காலியானபோது, கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான்.

இரண்டாவது பெட்டிக்கு எப்போது தலையாட்டுவேன்? "இந்த எஸ்க்யூஎல் சர்வர் நான்கு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம்?" என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். அந்தத் தொகை பெட்டியின் விலையை நெருங்கினால் வாங்குங்கள், மூன்றாவது வழிக்குக் கூடுதலாக. பேக்கப்புக்குப் பதிலாக அந்தப் பெட்டியை மட்டும் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மருத்துவமனை, வங்கி, மூன்று ஷிஃப்ட் தொழிற்சாலை இவற்றுக்குக் கணக்கு வேறு. அங்கே முதல் நாளே இரண்டும் வேண்டியிருக்கும்.

எதை அமைத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மதியம், ஒரு மெஷினை முழுவதுமாக மீட்டுப் பார்ப்போம். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்போம். முதல்முறை செய்தபோது ஒரு மணி நேரம் என்று எழுதி வைத்திருந்தோம், ஐந்து மணி நேரம் ஆனது. தரவில் ஒரு குறையும் இல்லை. பேக்கப்பை என்க்ரிப்ட் செய்த கடவுச்சொல் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் இருந்தது. அந்த மேனேஜர் ஒரு விர்ச்சுவல் மெஷினில் இருந்தது. ஒத்திகை விதிப்படி எல்லா மெஷினும் போய்விட்டதாகக் கணக்கு, ஆகவே அதுவும் போய்விட்டது. பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவி. கடைசியில் கடவுச்சொல்லை உருவாக்கிய பழைய சக ஊழியரைத் தேடிப் பிடித்தோம். ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார், பந்தியிலிருந்து எழுந்து வந்து நினைவிலிருந்து சொன்னார், மூன்றாவது முயற்சியில் திறந்தது.

இப்போது அது ஒட்டிய உறைக்குள், கணக்குப் பிரிவின் இரும்புப் பெட்டியில், வவுச்சர் கட்டுகளுக்கு அடியில் இருக்கிறது.